ஸ்க்ரூ பிடிக்காத எலும்பு: சிமெண்டா, ஊசியா, துளைக்குள்ளேயே மருந்தா?

எலும்பு எப்படிப்பட்டது என்பது ஸ்க்ரூவின் கடைசி அரைச் சுற்றில்தான் தெரியும். நல்ல எலும்பு என்றால் திருகத் திருகக் கைக்குள் எதிர்ப்பு ஏறிக்கொண்டே வரும். மணிக்கட்டே "போதும்" என்று சொல்லிவிடும். எலும்புப்புரை (அடர்த்தி குறைந்து எலும்பு பலவீனமாகும் நோய்) வந்த எலும்பில் அந்த எதிர்ப்பு ஏறுவதுபோல் ஏறி, சட்டென்று காணாமல் போகும். அதன்பிறகு ஸ்க்ரூ சும்மா சுற்றும். மரை கடித்திருந்த எலும்பு பொடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியில் அறுவை அரங்கில் யாரும் பேச மாட்டார்கள்.

எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்துக்குச் சற்றுக் கீழே முறிவு. பெரிய லாக் ஸ்க்ரூ ஒன்றை, இடுப்பு மூட்டில் பொருந்தும் தொடை எலும்பின் பந்துக்குள் செலுத்தி, பிளேட்டோடு பூட்டினேன். அன்றைக்குப் பிடி இருந்தது. ஆறாவது வாரம் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் வைத்தபோது ஸ்க்ரூவின் முனை பந்தின் மேல்புறத்தைக் கிழித்துக்கொண்டு மூட்டுக்குள் எட்டிப்பார்த்தது. அவருடைய மகள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்பவே சிமெண்ட் மாதிரி ஏதாவது வச்சிருந்தா நின்னிருக்குமா டாக்டர்?"

இன்று அந்தக் கேள்விக்கு ஒரு பதில் போதாது. சிமெண்ட் இருக்கிறது, எலும்பாகவே மாறக்கூடிய பீங்கான் பசை இருக்கிறது, உடம்பு முழுவதற்கும் ஏற்றும் ஊசி இருக்கிறது, மருந்து பூசிய ஸ்க்ரூ இருக்கிறது, ஸ்க்ரூ போகும் துளைக்குள்ளேயே மருந்தை வைக்கும் முறை வந்துகொண்டிருக்கிறது. இவற்றில் எதை, யாருக்கு, எப்போது என்று நான் எடைபோடும் விதத்தை இங்கே எழுதுகிறேன். எலும்பு சிகிச்சை படிக்கும் இளைய டாக்டர்களும், அம்மாவையோ தாத்தாவையோ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஒப்புதல் படிவத்தோடு நிற்கும் குடும்பத்தாரும் என் மனக்கண்ணில் இருக்கிறார்கள்.

இரண்டு முறை தளரும் பிடி

வீட்டுச் சுவரில் ஸ்க்ரூ நிற்காவிட்டால் ஓட்டைக்குள் தீக்குச்சி சொருகுவோம், கட்டை அடிப்போம், வெள்ளை சிமெண்டைக் குழைத்து அடைப்போம். எலும்பு மருத்துவமும் முதலில் அதே வழியில்தான் யோசித்தது. ஆனால் சுவருக்கு உயிர் கிடையாது. எலும்போ நாள்தோறும் தன்னைத் தானே கரைத்துத் தானே கட்டிக்கொள்கிற பொருள். அதனால் ஸ்க்ரூவின் பிடி இரண்டு தடவை தோற்கலாம். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. எந்தத் தோல்வியைத் தடுக்கப் பார்க்கிறோம் என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் காசும் போகும், காலும் போகும்.

முதல் தோல்வி பொறியியல் சார்ந்தது. எலும்பின் உள்ளே தேன்கூடுபோல இருக்கும் பஞ்செலும்பின் வலிமை, ஏறக்குறைய அதன் அடர்த்தியின் இருமடிப் பெருக்கத்தோடு கூடிக் குறையும் என்று கார்ட்டர், ஹேய்ஸ் என்ற இருவர் 1977-ல் காட்டினார்கள். அடர்த்தி பாதியானால் வலிமை பாதியாகாது, கால் பங்காகிவிடும். ஸ்க்ரூவின் மரைகளுக்கு இடையில் கடிபட்டிருக்கும் எலும்பு அந்தக் கால் பங்கு வலிமையோடுதான் உடம்பின் எடையைத் தாங்குகிறது. அறுவை மேசையிலேயே சுற்றிவிடும் ஸ்க்ரூவும், முதல் சில நாள்களில் எழுந்து நின்றதுமே நகரும் ஸ்க்ரூவும் இந்த வகை.

இரண்டாவது தோல்வி உயிரியல் சார்ந்தது. டிரில் போடும்போது சூடு ஏறும். எலும்பு 47 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிக்கப்படத் தொடங்கும் என்பது 1983-லிருந்தே தெரியும். சூடு, நசுங்கல், ரத்த ஓட்டம் அறுபடுதல் எல்லாம் சேர்ந்து துளையைச் சுற்றி மெல்லிய வளையமாக எலும்பு செத்துப்போகிறது. அந்தச் செத்த எலும்பைக் கரைத்து அப்புறப்படுத்த ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் வரும். பின்னாலேயே புது எலும்பு கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வரும். வயதான உடம்பில் கரைப்பவை சுறுசுறுப்பு, கட்டுபவை மெத்தனம். இடைப்பட்ட சில வாரங்களில் ஸ்க்ரூவின் பிடி அறுவை நாளன்று இருந்ததைவிடக் குறைவு. பல் இம்ப்ளாண்ட் வைப்பவர்களுக்கு இந்தப் பள்ளம் நன்றாகத் தெரியும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் பிடி மிகத் தாழ்ந்து, பிறகு மெல்ல ஏறும். இடுப்பு முறிவு நோயாளியை வாக்கர் கொடுத்து நடக்கச் சொல்வதும் சரியாக அதே வாரங்களில்தான்.

என் நோயாளிக்கு நடந்தது இந்த இரண்டாவது தோல்வி என்று நினைக்கிறேன். அன்று இருந்த பிடி, ஆறு வாரத்தில் கரைந்துபோனது.

மருந்துக்கு முன்னால் தச்சு வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஆனால் இதைத் தாண்டிப் போகக் கூடாது. லாக் ஸ்க்ரூவின் முனை, பந்தின் உச்சியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை இரண்டு எக்ஸ்ரே கோணங்களிலும் அளந்து கூட்டினால் வரும் தொகை 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 1995-ல் பாம்கார்ட்னரும் அவருடைய சகாக்களும் பார்த்த தொடரில், இந்த அளவுக்குள் இருந்த 120 ஸ்க்ரூக்களில் ஒன்றுகூடக் கிழித்துக்கொண்டு வெளியே வரவில்லை. ஒரு பைசா மருந்துச் செலவில்லாத காரியம் இது. தவறான இடத்தில் நிற்கும் ஸ்க்ரூவை எந்தச் சிமெண்டும், எந்த மருந்தும் காப்பாற்றாது. கீழே நான் சொல்லப்போவதெல்லாம் ஸ்க்ரூ சரியான இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்வது.

அக்ரிலிக் சிமெண்ட்

மகள் கேட்ட சிமெண்ட் இதுதான். மூட்டு மாற்று சிகிச்சையில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகிய பொருள். பொடியையும் திரவத்தையும் கலந்தால் முதலில் கஞ்சி, பிறகு பசை, சில நிமிடங்களில் கல். ஓட்டையிட்ட ஸ்க்ரூ அல்லது (ஸ்க்ரூவுக்குப் பதிலாக அடித்து இறக்கும்) பிளேடு வழியாக 3 முதல் 6 மில்லி வரை பந்துக்குள் செலுத்தினால், பஞ்செலும்பின் இடுக்குகளில் புகுந்து இறுகிவிடும். முதல் தோல்விக்கு இதைவிட உடனடியான பதில் கிடையாது. தொடை எலும்புக்குள் செலுத்தும் கம்பியான நெயிலின் பிளேடைச் சுற்றிச் சிமெண்ட் வைத்தும் வைக்காமலும் ஒப்பிட்டு 2018-ல் வெளிவந்த சோதனை ஒன்று உண்டு. இருநூறுக்கும் மேற்பட்ட முதியவர்கள். நடக்கும் திறனில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. ஆனால் பிடி தளர்ந்ததால் மறுபடி கத்தி வைக்க வேண்டிய நிலை, சிமெண்ட் வைத்தவர்களில் யாருக்கும் வரவில்லை.

பிறகு ஏன் எல்லோருக்கும் வைத்துவிடுவதில்லை? முதலாவது, சூடு. இறுகும்போது இந்தச் சிமெண்ட் கொதிக்கும். ஆய்வகத்தில் மொத்தமாக இறுகவிட்டால் 70 டிகிரியையும் தாண்டும். உடம்புக்குள் குறைந்த அளவில் வைப்பதாலும் ரத்த ஓட்டம் சூட்டை இழுப்பதாலும் அவ்வளவு ஏறாது என்றாலும், ஏற்கெனவே நொந்துபோன எலும்புக்கு அது இன்னொரு அடி. இரண்டாவது, கசிவு. வழிகாட்டிக் கம்பி எங்காவது பந்தைத் துளைத்திருந்தால் சிமெண்ட் மூட்டுக்குள் போய் இறுகும். அதனால் முதலில் சாயம் செலுத்தி, அரங்கிலேயே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவியில் பார்த்துவிட்டுத்தான் செலுத்த வேண்டும். முதுகெலும்பு ஸ்க்ரூக்களில் அது நரம்புப் பக்கமும், ரத்தக் குழாய் வழியாக நுரையீரல் பக்கமும் போகும் ஆபத்து உண்டு. மூன்றாவது, திரும்பி வரும் வழி. கிருமி சேர்ந்துவிட்டாலோ வேறு காரணத்துக்காகவோ எடுக்க வேண்டி வந்தால், சிமெண்டோடு சேர்ந்து இருக்கிற கொஞ்ச எலும்பும் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அக்ரிலிக் சிமெண்ட் ஒருநாளும் எலும்பாகாது. அதன் விளிம்பில் எலும்பு கரைந்துகொண்டு போனால் அது ஒன்றும் செய்யாது. சிமெண்டும் ஸ்க்ரூவும் ஒரே கட்டியாகச் சேர்ந்து நகரும்.

மாவுக்கட்டின் உறவினர்

நாம் மாவுக்கட்டு என்று சொல்கிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கால்சியம் சல்ஃபேட். அதை வெளியே கட்டாகப் போடாமல் எலும்பின் குழிக்குள்ளேயே நிரப்பலாம் என்று ட்ரீஸ்மான் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892-லேயே எழுதினார். குறை என்னவென்றால், அது சில வாரங்களில் கரைந்துவிடும். எலும்பிலும் பல்லிலும் இருக்கும் அதே தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட் மறுகோடி. பல ஆண்டுகள் கரையாமல் கிடக்கும், ஆனால் தனியாக ஊசியில் ஏற்றிச் செலுத்த வசதிப்படாது. ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் லார்ஸ் லிட்கிரன் வழிவந்த ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் கலந்தார்கள். 60 பங்கு சல்ஃபேட், 40 பங்கு அபடைட். சல்ஃபேட் முதலில் இறுகிப் பிடி கொடுக்கிறது, பிறகு கரைந்து வழி விடுகிறது. அபடைட் துகள்கள் தங்கிப் புது எலும்புக்குக் கட்டடச் சாரம்போல நிற்கின்றன. செராமெண்ட் என்ற பெயரில் விற்கப்படும் பொருள் இதுதான்.

இதே குழுவினர் 2022-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். எலும்புப்புரை எலும்பின் தன்மையில் செய்த செயற்கைக் கட்டைகளில் லாக் ஸ்க்ரூவைச் செலுத்தி, சுற்றிலும் இந்தப் பசையை வைத்து, பிடுங்கிப் பார்த்தார்கள். பசை இல்லாத ஸ்க்ரூவைவிட நான்கு மடங்கு விசை தேவைப்பட்டது. அக்ரிலிக் சிமெண்டுக்கு இணையான பிடி. நோயாளிகளிடமும் பசை மரைகளைச் சுற்றிப் பரவுவதை எக்ஸ்ரேயில் காட்டினார்கள். சூடு என்ற தொல்லையும் பெரிதாக இல்லை.

ஆனால் நான்கு மடங்கு என்பது முதல் நாளின் கணக்கு. ஆறாவது வாரத்தில் சல்ஃபேட் கரைந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் புது எலும்பு ஏறியிருக்கிறதா, இல்லை காலி இடம்தான் மிஞ்சியதா என்பது நோயாளியின் எலும்பைப் பொறுத்தது. பலவீனமான எலும்பு அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் என்று எதிர்பார்ப்பது, நோயாளியிடமே மருத்துவம் பார்க்கச் சொல்வதுபோல. மருந்தின் தேவை இங்கேதான் வருகிறது.

உடம்பு முழுவதற்கும் மருந்து

பிஸ்பாஸ்பனேட் என்ற மருந்துக் குடும்பம் குழாய்களில் உப்புக் கறை படியாமல் தடுக்கும் வேதிப்பொருள்களிலிருந்து வந்தது. உப்புத் தண்ணீர் ஓடும் குழாயில் சுண்ணாம்பு படிவதைத் தினமும் பார்க்கிறோம். அந்தப் படிகங்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் குணமே எலும்பிலும் வேலை செய்கிறது. மருந்து எலும்பின் தாதுவில் ஒட்டிக் காத்திருக்கும். எலும்பைக் கரைக்க வரும் ஆஸ்டியோகிளாஸ்ட் அதையும் சேர்த்து விழுங்கி, செயலிழந்துபோகும்.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அலெண்ட்ரோனேட் மாத்திரை, வாரம் ஒரு முறை 70 மில்லிகிராம், ஸ்க்ரூவின் பிடியைக் கூட்டுமா? இத்தாலியில் மொரோனியின் குழு 2007-ல் இதற்கு மனிதர்களிலேயே பதில் சொன்னது. இடுப்பு முறிவுக்கு வெளிச்சட்டம் (உடம்புக்கு வெளியே நின்று, பின்களால் எலும்பைப் பிடிக்கும் சட்டம்) பொருத்திய 16 நோயாளிகள். பாதிப் பேருக்கு மூன்று மாதம் மாத்திரை. பின்களைக் கழற்றும்போது எவ்வளவு முறுக்கு விசை தேவைப்பட்டது என்று அளந்தார்கள். பஞ்செலும்பில் இருந்த பின்களை எடுக்க, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இரண்டு மடங்குக்கும் அதிகமான விசை தேவைப்பட்டது. கெட்டியான புறணி எலும்பில் வித்தியாசமில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் எனக்கு இது மனதில் தைத்த ஆய்வு, ஏனென்றால் தோல்வி எங்கே நடக்கிறதோ சரியாக அங்கேயே பலன் தெரிந்தது.

மாத்திரையின் சிக்கலைக் குடும்பத்தார் அறிவார்கள். வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபிகூடக் குடிக்கக் கூடாது. அத்தனையும் செய்தாலும் நூறில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. அதனால் அதே குடும்பத்தின் ஜோலெட்ரோனிக் அமிலத்தை ஆண்டுக்கு ஒரு முறை 5 மில்லிகிராம், ரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது எளிது. இடுப்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்ட 2,127 பேரிடம் நடந்து 2007-ல் வெளிவந்த ஹொரைசன் சோதனையில், புது முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன. இறப்பு 28 சதவீதம் குறைந்தது. பின்னர் அதே தரவுகளை நாள் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுவைக்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து ஏற்றியவர்களிடமே பலன் தெளிவாக இருந்தது.

இறப்பு குறைந்த எண்ணை மறுபடி படியுங்கள். ஸ்க்ரூ, சிமெண்ட், பசை எதுவும் இதைச் செய்யவில்லை. மற்ற எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு அதுவே காரணம். ஏற்றும் முன் வைட்டமின் டி, கால்சியம் இரண்டையும் சரிசெய்ய வேண்டும். முதல் முறை ஏற்றியதும் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம் என்று வீட்டில் சொல்லிவைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, கிரியாட்டினின் வடிகட்டும் அளவு 35-க்குக் கீழே போனால், கொடுக்கவே கூடாது. பல ஆண்டுகள் தொடர்ந்தால் தாடை எலும்பு அழுகல், தொடை எலும்பின் நடுவே வினோதமான முறிவு என அரிய தீங்குகள் உண்டு.

ஊசியின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ரத்தத்தில் போகும் மருந்து எலும்புக்கூடு முழுவதும் பங்கிடப்படும். ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள செத்த வளையத்துக்கு ரத்த ஓட்டமே இல்லை. மருந்து மிகவும் தேவைப்படும் இடத்துக்கு அது கடைசியாகத்தான் போய்ச் சேர்கிறது.

ஸ்க்ரூ மேலேயே மருந்து

ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் பேர் ஆஸ்பென்பெர்க் குழுவினர் இதற்கு ஒரு நேர்த்தியான பதில் வைத்திருந்தார்கள். ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் இழைக்கு மூலமான ஃபைப்ரினோஜன் புரதத்தை உலோகத்தின் மேல் மிக மெல்லியதாகப் படியவைத்து, அதில் பாமிட்ரோனேட், ஐபாண்ட்ரோனேட் என்ற இரு பிஸ்பாஸ்பனேட்டுகளைப் பிணைத்தார்கள். மனிதர்களில் சோதிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் மேல்தாடை. 16 நோயாளிகள், ஒவ்வொருவர் வாயிலும் மருந்து பூசிய பல் இம்ப்ளாண்ட் ஒன்று, பூசாதது ஒன்று. எது எதுவென்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து அதிர்வு முறையில் பிடியை அளந்தபோது, மருந்து பூசியவற்றில் அளவு 6.9 புள்ளிகள் கூடுதலாக உயர்ந்திருந்தது. 2012-ல் வெளிவந்த இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அதன் அமைப்பு. ஒரே மனிதர், ஒரே தாடை, ஒரே உணவு, ஒரே வயது. மாறியது பூச்சு மட்டும்.

இதே நகரத்தார் 2007-ல் முழங்கால் மாற்று அறுவையில் 50 பேரிடம், கீழ்க்கால் எலும்பின் வெட்டுப் பரப்பில் ஐபாண்ட்ரோனேட் கரைசலைத் தடவிவிட்டு இம்ப்ளாண்டை வைத்தார்கள். தடவியவர்களிடம் அது குறைவாகவே நகர்ந்தது. மருந்து எலும்பில் ஒட்டிக்கொள்வதால், ஒரு நிமிடத் தடவலே பல மாதங்களுக்குப் பேசுகிறது.

பூச்சின் பலம், அளவு மிகக் குறைவு என்பது. மைக்ரோகிராம் கணக்கு. உடம்பின் மற்ற பாகங்களுக்குப் போவது இல்லையென்றே சொல்லலாம். பலவீனம், அது முதல் தோல்விக்கு ஒன்றும் செய்யாது. மருந்து பூசிய ஸ்க்ரூவும் மேசையில் சுற்றினால் சுற்றியதுதான். எலும்போடு தொடாத மரைக்கு மருந்து இருந்தும் பயனில்லை. புரையோடிய பந்தில் பல மரைகள் வெற்றிடத்தில்தான் நிற்கின்றன. தாடையிலும், கெட்டியாக வெட்டிய முழங்கால் பரப்பிலும் வென்ற முறை, வெறும் கொழுப்பு மஜ்ஜை நிறைந்த இடுப்புப் பந்தில் அப்படியே வெல்லும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

துளைக்குள் பசை, பசைக்குள் மருந்து

இனி வருவது எனக்கு மிக நம்பிக்கை தரும் வழி. லுண்ட் குழுவினர் அந்தச் சல்ஃபேட்-அபடைட் பசைக்குள் ஜோலெட்ரோனிக் அமிலத்தைக் கலந்தார்கள். கான்பூர் ஐஐடியின் அசோக் குமார் ஆய்வகமும் இந்த வரிசை ஆய்வுகளில் அவர்களோடு சேர்ந்து உழைத்திருக்கிறது. பசை முதல் நாளின் பிடியைத் தருகிறது. சல்ஃபேட் கரையக் கரைய, மருந்து அபடைட் துகள்களிலும் பக்கத்து எலும்பிலும் ஒட்டிக்கொண்டு, கரைக்க வரும் செல்களுக்காகக் காத்திருக்கிறது. எலும்புப்புரை உண்டாக்கிய எலிகளின் தொடை எலும்புக் கழுத்தில் இதைச் செலுத்தியபோது, மருந்தில்லாத பசையைவிட அதிகமான எலும்பு அங்கே சேர்ந்தது. உள்ளீடற்ற, பக்கங்களில் துளையிட்ட சிறு இம்ப்ளாண்டுக்குள் இதையே நிரப்பி எலியின் காலெலும்பில் வைத்தபோது பிடுங்கும் விசை கூடியது. ஸ்க்ரூ தோற்கும் இரண்டு நேரங்களையும் ஒரே ஊசியில் சந்திக்கும் வழி இது ஒன்றுதான்.

இதில் இன்னொரு கிளை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பசையில் மருந்தே கலக்காமல் செலுத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்து வழக்கமான ஜோலெட்ரோனிக் ஊசியை ரத்தக் குழாயில் ஏற்றினால் என்ன ஆகும்? எலிகளில் பார்த்தார்கள். ரத்தத்தில் வந்த மருந்தை அபடைட் துகள்கள் காந்தம்போல இழுத்துக்கொண்டன. உடம்பு முழுவதற்கும் போகும் மருந்தில் ஒரு பங்கு, நாம் குறித்துவைத்த இடத்தில் இறங்குகிறது. புதுக் கலவை எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பசை, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ஊசி, இரண்டும் சரியான வரிசையில். இரண்டு வாரம் என்ற இடைவெளி ஹொரைசன் சொன்னதோடும் பொருந்துகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. "அப்படியானால் அரங்கிலேயே ஒரு குப்பி ஜோலெட்ரோனிக்கை உடைத்துப் பசையில் கலந்துவிடலாமே" என்று ஓர் இளைய டாக்டர் என்னிடம் கேட்டார். கூடாது, தம்பி. பிஸ்பாஸ்பனேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள். கண் அளவில் கலந்தால் பசை இறுகும் நேரமே தள்ளிப்போகலாம், இறுகாமலும் போகலாம். அளவு கூடினால் கரைக்கும் செல்லோடு கட்டும் செல்லும் செத்துப்போகும். பிடியைக் கூட்டப்போய், ஸ்க்ரூவைச் சுற்றி எதுவும் முளைக்காத பாலைவனத்தை உண்டாக்கிவிடுவோம். 1970-ல் ஹாம்பர்கில் புக்ஹோல்ஸ் என்ற மருத்துவர் எலும்புச் சிமெண்டில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கலந்து தொடங்கிவைத்த வழக்கத்தைப் பார்த்து, எதையும் எதிலும் கலக்கலாம் என்று நாம் பழகிவிட்டோம். ஆன்டிபயாட்டிக்குக்கு அளவில் தாராளம் உண்டு. இந்த மருந்துக்குக் கிடையாது. செராமெண்டிலும் ஜென்டாமைசின் கலந்த வகைக்கு 2022-ல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது, அது தொழிற்சாலையில் வகுத்த அளவில் வருவது. ஜோலெட்ரோனிக்குக்கும் அதே ஒழுங்கு வரும்வரை, கலவை முறை ஆய்வுக் குழுவின் மேற்பார்வைக்குள்தான் இருக்க வேண்டும்.

மற்ற மருந்துகளைப் பற்றி இரண்டு வார்த்தை

எலும்பு கட்டும் புரதமான பிஎம்பி-2, முதுகெலும்பு இணைப்புக்காக 2002-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது ஆபத்தான வீக்கம் வந்து, 2008-ல் எச்சரிக்கை வெளியானது. ஸ்க்ரூவுக்கு இது தனியாக ஏன் ஒத்துவராது என்றால், பஞ்செலும்பில் முதலில் கரைப்பவர்களையே உசுப்பிவிடும்; பிடி தாழ்ந்திருக்கும் வாரங்களில் இன்னும் தாழ்த்தும். ஜோலெட்ரோனிக்கோடு சேர்த்தால் அந்தக் குறை அடங்குகிறது. ஆனாலும் அதன் விலையை யோசித்தால் ஒரு சாதாரண இடுப்பு முறிவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டெரிபாரடைட் நல்ல மருந்து, தினமும் 20 மைக்ரோகிராம் தோலுக்கடியில் போடுவது. ஜப்பானில் முதுகெலும்பு ஸ்க்ரூ தளர்வை அது குறைத்ததாகக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதைத் துளைக்குள் வைத்துக் கசியவிட முடியாது. விட்டு விட்டுக் கொடுத்தால் எலும்பைக் கட்டும், இடைவிடாமல் இருந்தால் எலும்பைக் கரைக்கும். மெல்லக் கசியும் பசை அதற்கு நேர் எதிரி. ஸ்ட்ரான்ஷியம், ஸ்டாட்டின் பூச்சுகள் இன்னும் விலங்குக் கூண்டைத் தாண்டி வர வேண்டும்.

யாருக்கு எது

என் முன்னால் இன்று ஒருவர் வந்தால் நான் இப்படித்தான் யோசிப்பேன். ஸ்க்ரூ மேசையிலேயே சுற்றுகிறது, நோயாளிக்கு எண்பது வயது, நாளையே நடக்க வைக்காவிட்டால் நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் வரும் என்றால், அக்ரிலிக் சிமெண்ட். சூடு, கசிவு, எடுக்க முடியாமை எல்லாம் தெரிந்தே வைப்பேன். அவருக்கு அடுத்த மூன்று மாதம்தான் வாழ்வா சாவா. அறுபதுகளில் இருக்கிறார், எலும்பு பலவீனம் ஆனாலும் மரை கடிக்கிறது, இன்னும் இருபது வருடம் இந்தக் காலில் நடக்கப்போகிறார் என்றால், கரையும் பசையும், இரண்டு வாரம் கழித்து ஊசியும். துகள்கள் மருந்தை இழுக்கும் என்ற எலி ஆய்வு மனிதரிடம் பாதி உண்மையானாலும் லாபம். பொய்யானாலும் ஊசி எப்படியும் தேவைப்பட்டதுதான்.

சிறுநீரகம் பழுதானவர்தான் என்னைத் தூங்கவிடாத நோயாளி. ஊசி கூடாது. எலும்பு கரைவதைத் தடுக்கும் இன்னொரு ஊசியான டெனோசுமாப் கொடுக்கலாமென்றால், டயாலிசிஸ் நிலையில் கால்சியம் ஆபத்தாக இறங்கும் என்று 2024 ஜனவரியில் அமெரிக்காவில் மிகக் கடுமையான எச்சரிக்கை வந்திருக்கிறது. நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரையும். மைக்ரோகிராம் கணக்கில் துளைக்குள்ளேயே மருந்து வைக்கும் முறை யாருக்காவது மிகவும் தேவை என்றால் அது இவருக்குத்தான். மனிதச் சோதனைகளை இவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வழக்கமாக இவர்களைத்தான் சோதனைப் பட்டியலிலிருந்து முதலில் நீக்குவார்கள்.

பல் இம்ப்ளாண்ட் வைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே பிடி தாழும் வாரங்களில் மேலே பளு ஏற்றாமல் காத்திருக்க முடியும். அதனால் பூச்சு நியாயமான வழி, சிமெண்டுக்கு வேலையே இல்லை.

அந்த அம்மாவுக்கு ஸ்க்ரூவை எடுத்துவிட்டு மூட்டு மாற்றம் செய்தோம். இரண்டாவது முறை வீட்டுக்கு அனுப்பிய அன்று, மகள் சக்கர நாற்காலியின் பிரேக்கை அழுத்திவிட்டு, அம்மாவின் இன்னொரு காலைத் தொட்டுக் கேட்டார்: "இந்தக் காலுக்கு என்ன பண்ணப் போறீங்க டாக்டர்?" துளைக்குள் வைக்கும் எந்த மருந்தும் அந்தக் காலைத் தொடப்போவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கி, வைட்டமின் டி பரிசோதனைக்கும் கிரியாட்டினினுக்கும் எழுதிவிட்டு, கீழே ஜோலெட்ரோனிக் ஏற்ற வேண்டிய தேதியைப் போட்டேன். பதினாறாவது நாள், செவ்வாய்க்கிழமை. மகள் அதைப் போனில் குறித்துக்கொண்டார்.